ஹீட் பம்புக்கு முன்பணம் கட்டியாச்சு. ஜனவரியில் வந்து மாட்டினால் டாக்ஸ் கிரெடிட் உண்டா?

கேள்வி: 11 அக்டோபர் 2025

அண்ணா, சிகாகோ புறநகரில் 1971-ல் கட்டிய வீடு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், ஏ.சி. இரண்டுக்கும் வயதாகிவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டு குளிரில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் தரும் ஹீட் பம்ப் போட 17,500 டாலருக்கு கொட்டேஷன் வாங்கி, 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். ஆள் வருவது ஜனவரி நடுவில்தானாம். "டிசம்பருக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிடுங்கள், 2025 கணக்கில் 2,000 டாலர் கிரெடிட் வந்துவிடும்" என்கிறார் விற்க வந்தவர். நம்பலாமா?

பதில்: 11 அக்டோபர் 2025, இரவு

நம்ப வேண்டாம் தம்பி. பணம் கட்டிய தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் மாட்டி முடித்த தேதிதான் கணக்கு. இந்த வருடம் ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் இந்தக் கிரெடிட்டைத் தருகிற 25சி பிரிவை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. 2022 சட்டப்படி இது 2032 வரை ஓடியிருக்க வேண்டியது. ஜனவரி 2-ல் மாட்டினாலும் உங்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

எப்படியாவது டிசம்பருக்குள் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியாது என்றால் வேறு கம்பெனி பாருங்கள். 2,000 டாலரை விட்டுவிடாதீர்கள்.

12 அக்டோபர் 2025, காலை

பலர் தனியாகக் கேட்டதால் அடிப்படையை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம் ஊர் 80சி போல வருமானத்தில் கழித்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது. கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழியும். ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்குத்தான் உண்டு; புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு மட்டும் விட்டிருக்கிற வீட்டுக்கும் கிடையாது. செலவில் 30 சதவீதம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சவரம்பு. ஜன்னல்கள் எத்தனை மாற்றினாலும் மொத்தம் 600. வெளிக்கதவு ஒன்றுக்கு 250, எல்லாக் கதவுக்கும் சேர்த்து 500. சூடு எங்கே வீணாகிறது என்று வீட்டைச் சோதிக்கும் எனர்ஜி ஆடிட்டுக்கு 150. சூடு வெளியேறாமல் தடுக்கப் போடும் இன்சுலேஷனுக்குத் தனி வரம்பு இல்லை. ஆனால் இவை எல்லாம் கூடி ஒரு வருடத்தில் 1,200-ஐத் தாண்டக் கூடாது. ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் இவற்றுக்குத் தனிக்கூடை, அது 2,000. ஆக ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் 3,200.

வரம்பு வருடா வருடம் புதிதாகத் தொடங்கும். அதனால் வேலைகளை வருடா வருடம் பிரித்துச் செய்ய முடிந்தது. இனி அந்த வழி இல்லை.

நான் 2023-ல் கூரைக்கு அடியில் இருக்கிற பரணுக்கு இன்சுலேஷன் போட்டு 4,200 ஆயிற்று, அதில் 30 சதவீதம் திரும்ப வந்தது.

12 அக்டோபர் 2025, சாயங்காலம்

காலையில் எழுதிய கடைசி வரி தவறு. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 4,200-ல் பொருளுக்கு 1,900, கூலி 2,300. இன்சுலேஷன், ஜன்னல், கதவு மூன்றுக்கும் பொருளின் விலை மட்டும்தான் கணக்கில் வரும்; மாட்டுகிற கூலி வராது. ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர் போன்ற இயந்திரங்களுக்குக் கூலியும் சேரும். எனவே எனக்குக் கிடைத்தது 1,900-க்கு 570, ஆடிட்டுக்குக் கொடுத்த 400-க்கு 120, மொத்தம் 690.

கான்ட்ராக்டர் முதலில் ஒரே வரியில் 4,200 என்று பில் கொடுத்திருந்தார். பொருளையும் கூலியையும் பிரித்துத் தரச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே பிரித்து எழுதச் சொல்லிவிடுங்கள். கொடுத்த பிறகு யாரும் போனை எடுப்பதில்லை.

18 அக்டோபர் 2025

ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "2,000 டாலரை விட்டுவிடாதீர்கள்" என்று எழுதினேனே, அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். தம்பி, உங்கள் பரணில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

எங்களுடையது நியூஜெர்சியில் 1962-ல் கட்டிய வீடு. வாங்கி எட்டு வருடம் நான் பரணில் ஏறவே இல்லை. 2022 குளிர்காலத்துக்கு அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். கராஜுக்கு மேலே இருக்கிற அறையை அவர்களுக்குக் கொடுத்தோம். அப்பா வீட்டுக்குள்ளேயே குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெர்மோஸ்டாட்டில் 72 டிகிரி ஃபாரன்ஹீட், ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த அறை மட்டும் சூடாகவே இல்லை. பெரிய ஃபர்னஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு கொட்டேஷன்கூட வாங்கிவிட்டேன்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் 2023 பிப்ரவரியில் ஆடிட்டுக்கு ஆள் கூப்பிட்டேன். வந்தவர் வாசல் கதவைத் திறந்து, நிலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, சிவப்பு நைலான் துணியை இழுத்துக் கட்டினார். துணியின் அடியில் ஒரு வட்ட ஓட்டை, அதில் பெரிய மின்விசிறி. அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கும். உள்ளே 50 பாஸ்கல் அழுத்தம் குறையும் வரை இழுத்துவிட்டு, எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிறார்கள். போகிற அளவுக்கு எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டுமே, அந்த ஓட்டைகளைத்தான் தேடுவார்கள்.

அவர் கையில் புகை வருகிற ஒரு சின்னக் குழல் வைத்திருந்தார். அம்மா பார்த்துவிட்டுப் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே, "அதுவே போதும், இன்னும் நன்றாகத் தெரியும்" என்றார். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று அறைப் பக்கம் வளைந்தது. பரண் மூடிக்குக் கீழே பிடித்தபோது தரையைப் பார்த்து இறங்கியது. கூரையில் பதித்த விளக்கு ஒவ்வொன்றின் கீழேயும் அதே கதை. அம்மா வீடு முழுக்கச் சுற்றி வந்து, "வீட்டுக்கே நாடி பிடிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் பரணில் ஏறினோம். 1962-ல் போட்ட கண்ணாடிப் பஞ்சு, நான்கு அங்குலம்கூட இல்லை. புகைபோக்கியைச் சுற்றிக் கை நுழைகிற அகலத்துக்கு இடைவெளி. சில இடங்களில் பஞ்சு கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். "பஞ்சு வடிகட்டி மாதிரி தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கே கறுப்போ அங்கே கீழேயிருந்து காற்று ஏறுகிறது" என்றார். சூடான காற்று மேலே ஏறிப் பரண் வழியாகத் தப்பிக்கும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று பேஸ்மென்ட் சுவரின் மேல்விளிம்பு வழியாக உள்ளே வரும். வீடே ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. இதில் எவ்வளவு பெரிய ஃபர்னஸ் வைத்து என்ன பயன்?

முதலில் ஓட்டைகளை அடைத்தார்கள். புகைபோக்கியைச் சுற்றித் தகரமும் நெருப்பு தாங்கும் பூச்சும். அங்கே சாதாரண நுரையை அடிக்கக் கூடாது. மற்ற இடங்களுக்கு நுரை. அதற்குப் பிறகுதான் செல்லுலோஸை ஊதினார்கள். பழைய செய்தித்தாளை அரைத்து போரேட் உப்பு கலந்தது அது. கையில் எடுத்துப் பார்த்தால் அங்கங்கே அச்செழுத்துகூடத் தெரியும். சூட்டைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் எண் 49 வர வேண்டும் என்றால் பதின்மூன்று பதினான்கு அங்குலம் நிற்க வேண்டும். வரிசை முக்கியம்: அடைக்காமல் ஊதினால் காற்று அதற்குள்ளும் புகுந்து போய்விடும்.

முடிந்ததும் விசிறியைத் திரும்பவும் மாட்டினார். நிமிடத்துக்கு 3,400 கன அடியாக இருந்தது 2,300-க்கு வந்திருந்தது. அடுத்த குளிர்காலத்து கேஸ் பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பழைய ஃபர்னஸே இன்னும் ஓடுகிறது. அப்பா மறுபடி வந்தபோது அந்தக் குல்லா பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் வருத்தம் இதில்தான். அதிகப் பலன் தருகிற வேலைக்குக் கூலியைச் சேர்க்க மாட்டார்கள். ஓட்டை அடைப்பதில் செலவே கூலிதான். நுரைக் குழாய் என்ன விலை? பெட்டியில் வந்து இறங்குகிற இயந்திரத்துக்கோ கூலியோடு 2,000.

19 அக்டோபர் 2025

தம்பி பரணில் ஏறிப் படம் அனுப்பியிருக்கிறார். மரச்சட்டங்கள் முழுக்க வெளியே தெரிகின்றன. பஞ்சு அவற்றின் பாதி உயரம்கூட இல்லை. ஆடிட்டுக்கு ஆள் தேடச் சொல்லியிருக்கிறேன். 2024-லிருந்து விதி இது: சான்றிதழ் பெற்ற ஆடிட்டர் செய்து, எழுத்தில் அறிக்கை கொடுத்தால்தான் அந்த 150 செல்லும். கேட்டு வாங்குங்கள்.

26 அக்டோபர் 2025

ஜன்னல் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார். எட்டு ஜன்னலுக்கு 9,600, "முப்பது சதவீதம் அரசாங்கம் கொடுக்கும்" என்று விற்க வந்தவர் சொன்னாராம். 9,600-க்கு முப்பது சதவீதம் 2,880. ஆனால் வரம்பு 600. அதுவும் ஜன்னலின் விலைக்கு மட்டும். எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கன முத்திரையில் மிக உயர்ந்த தரப் பட்டியலில் இருக்கிற ஜன்னலாகவும் இருக்க வேண்டும். முப்பது சதவீதம் என்பதைச் சொல்லிவிட்டு 600-ஐ விழுங்குவது பச்சைப் பொய்க்குச் சமம் என்பது என் கருத்து. அந்த அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது நிம்மதி.

ஜன்னல் உடைந்திருந்தால், மரம் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். குளிருக்காக மட்டும் என்றால் முதலில் பரண்.

2 நவம்பர் 2025

கோயம்புத்தூரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு சோலார் போட்டால் இங்கே காட்டலாமா என்று ஒருவர். முடியாது, வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும். சோலாருக்கானது 25டி என்ற வேறு பிரிவு, அதுவும் இந்த டிசம்பர் 31-ஓடு சரி. ஆனால் அங்கே பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் உண்டு: 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

அந்த நேராக வரும் என்பதை எழுதும்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி நினைவுக்கு வருகிறார். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், வருமானம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் மட்டும். எங்கள் வீட்டில் நடந்த வேலையைப் பார்த்து, தனக்கும் கிரெடிட் கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு வரியே வருவதில்லை. வரி இல்லையென்றால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. மிச்சத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். 25சி-யில் அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. என்னைவிட அவருக்குத்தான் குளிர் அதிகம். எனக்கு 690 கிடைத்தது, அவருக்கு ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை நானும் மகளும் போய் அவர் பரண் மூடிக்கு ரப்பர் பட்டை ஒட்டி, வாசல் கதவின் அடியில் தடுப்பு வைத்துவிட்டு வந்தோம். நாற்பது டாலர் ஆயிற்று.

3 நவம்பர் 2025

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு நண்பர் சரியாகவே நினைவூட்டினார்: குறைந்த வருமானக்காரர்களுக்கு வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் 1976-லிருந்து இருக்கிறது, தகுதி இருந்தால் வேலையை இலவசமாகவே செய்து தருவார்கள். பாட்டிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறேன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

9 நவம்பர் 2025

"இதோடு ஒரேயடியாகப் போய்விட்டதா, திரும்ப வருமா" என்ற கேள்விக்கு: வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பழைய கதை இதுதான். அதிபர் கார்ட்டர் காலத்தில் 1978-ல் முதல் முறை வந்தது, இன்சுலேஷன் மாதிரி வேலைகளுக்கு 15 சதவீதம், அதிகபட்சம் 300 டாலர். 1985-ல் முடிந்தது. இருபது வருடம் எதுவும் இல்லை. 2005 சட்டம் திரும்பக் கொண்டுவந்து 2006, 2007-க்குக் கொடுத்தது. 2008-ல் இல்லை. 2009, 2010-ல் 30 சதவீதம், 1,500 வரை. 2011-லிருந்து 10 சதவீதம், ஆயுளுக்கே 500. 2023-லிருந்து இப்போதைய அளவு. 2023 ஒரு வருடத்தில் மட்டும் 23 லட்சம் குடும்பங்கள் 25சி-யைப் பயன்படுத்தியிருக்கின்றன.

ஒரு தொழில் இப்படி விட்டு விட்டு வருகிற மழையை நம்பி எப்படி ஆள் பழக்கும்? நல்ல வேலைக்காரர் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

15 நவம்பர் 2025

தம்பியிடமிருந்து செய்தி. வேறு ஒரு கம்பெனி டிசம்பர் 19-க்குத் தேதி கொடுத்திருக்கிறது, 5 டன் இயந்திரம், 19,800. முந்தைய கம்பெனி 4 டன் சொல்லியிருந்தது. இந்தப் புதிய கம்பெனி கணக்கு எதுவும் போடவில்லை. வந்தவர் வெளியே நின்று வீட்டைப் பார்த்துவிட்டு 5 டன் என்றாராம்.

தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை அவசரப்படுத்தியது நான்தான். அக்டோபர் 11-ல் நான் எழுதியதை இதோ திரும்பப் பெறுகிறேன். வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அறை அறையாகக் கணக்கிட மேனுவல் ஜே என்று ஒரு முறை இருக்கிறது. சுவர், ஜன்னல், பரண், காற்றுக் கசிவு எல்லாம் அதில் வரும். அதைப் போடாமல் விற்கிறவரிடம் வாங்க வேண்டாம். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் சட்டென்று ஓடிச் சட்டென்று நிற்கும். கோடையில் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. பதினைந்து வருடம் அதோடு வாழ வேண்டும். 2,000-க்காக 19,800-ஐத் தவறான பெட்டியில் போடாதீர்கள்.

பரண் வேலை இரண்டு நாள்தான். அதை டிசம்பருக்குள் முடிக்கலாம், அதற்கு இந்த வருடமே கிரெடிட் உண்டு. ஓட்டையை அடைத்த பிறகு கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை டன் வேண்டும் என்று.

16 நவம்பர் 2025

"அப்படியானால் நீங்கள் ஏன் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வாங்கினீர்கள்?" நியாயமான கேள்வி. 2024-ல் பழைய ஹீட்டரின் அடியில் தண்ணீர் கசிந்தது, மாற்றியே ஆக வேண்டியிருந்தது. 3,800 ஆயிற்று, மின்சாரக் கம்பெனி தந்த 750-ஐக் கழித்துக் காட்ட வேண்டும், ஆக 3,050-க்கு முப்பது சதவீதம், 915. சட்டம் எனக்கு நல்லதே செய்திருக்கிறது. அதனால்தான் போகிறதே என்று வருத்தம்.

20 டிசம்பர் 2025

தம்பி வீட்டில் பரண் வேலை 17-ம் தேதி முடிந்தது. பில்லில் பொருளும் கூலியும் தனித்தனியாக: 2,350, 2,900. கிரெடிட் 705, ஆடிட்டுக்கு இன்னொரு 135. முன்பணம் 5,000-ல் 4,500 திரும்பக் கிடைத்ததாம். 500 போனது போனதுதான்.

18 ஜனவரி 2026

இன்று காலை பனி நின்ற பிறகு தெருவில் நடந்தேன். உங்கள் தெருவிலும் செய்து பாருங்கள். சில கூரைகளில் பனி ஒரே சீராக வெள்ளையாக நிற்கிறது. சிலவற்றில் நடு நடுவே கறுப்புத் திட்டுகள், ஓரத்தில் முழ நீளத்துக்குப் பனிக்கம்பிகள். கீழேயிருந்து போகிற சூடு பனியை உருக்கி, உருகிய தண்ணீர் கூரை விளிம்பில் மறுபடி உறைகிறது. பனிக்கம்பியைப் படம் எடுத்து அழகு என்று போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பரணைச் சுற்றி இருக்கிற ஓட்டைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பாட்டி வீட்டுக் கூரையில் இரண்டு பெரிய திட்டுகள். விண்ணப்பம் இன்னும் வரிசையில் இருக்கிறது.

15 பிப்ரவரி 2026

வரிக் கணக்கு நேரம். இந்தக் கிரெடிட்டைக் கேட்பதற்கு 5695 படிவம். 2025-ல் மாட்டிய ஹீட் பம்ப், ஜன்னல், கதவு போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டையும் எழுத வேண்டும், இன்சுலேஷனுக்குத் தேவையில்லை. பில், சான்றிதழ், ஆடிட் அறிக்கை எல்லாவற்றையும் படிவத்தோடு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் பத்திரமாக வைத்திருங்கள்.

2023-லோ 2024-லோ வேலை செய்துவிட்டுக் கேட்க மறந்தவர்கள் இருந்தால், 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தைப் போட்டுத் திருத்தலாம். பொதுவாகக் கணக்குத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருடம் வரை நேரம் உண்டு. என் தங்கை 2023-ல் கதவு மாற்றியதை இப்போதுதான் சொன்னாள். 250 டாலர், விடுவானேன்?

22 மார்ச் 2026

தம்பியின் ஃபர்னஸ் பிப்ரவரியில் ஒரு ராத்திரி நின்றுவிட்டது. ஜனவரியிலேயே ஹீட் பம்ப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. தள்ளிப்போடச் சொன்னவன் நான். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை வேறு. கேட்டதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ராத்திரி 68-ல் இருந்த வீடு காலையில் 57. போன வருடம், பரணை அடைப்பதற்கு முன், ஒரு முறை இப்படி நின்றபோது விடிவதற்குள் 46-க்குப் போனதாம். எரியூட்டும் பாகம் ஒன்றை மாற்றினார்கள், 310 டாலர்.

இப்போது மூன்றாவது கம்பெனி வந்து மேனுவல் ஜே போட்டிருக்கிறது. 3 டன் போதும். விலை 14,200. கிரெடிட் கிடையாது. மே மாதத்தில் மாட்டுகிறார்கள்.

பாட்டியின் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரம் ஆடிட்டர் வருகிறார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஊதுபத்தி கொண்டுபோய்க் கொடு" என்றார்.